செக்‌ஷனல் டெஸ்டில் வரும் மதிப்பெண் முழுத் தேர்வில் ஏன் வருவதில்லை?

கேள்வி: பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறேன். டிசம்பரில் கிளாட் (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறேன். இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு செக்‌ஷனல் டெஸ்ட் (ஒரு பகுதிக்கு மட்டுமான பயிற்சித் தேர்வு) எழுதி வருகிறேன். லீகல் ரீசனிங்கில் 30க்கு 24 சரியாக வருகிறது, 40 நிமிடம் ஆகிறது. லாஜிக்கல் 35, இங்கிலீஷ் 30, கரன்ட் அஃபயர்ஸ் 20, கணக்கு 20 நிமிடத்தில் முடிகிறது. ஆனால் முழு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதினால் 63ஐத் தாண்டி ஏறவே மாட்டேன் என்கிறது. கடைசியாக எழுதியதில் 104 கேள்விக்கு விடையளித்து 71 சரி, 33 தவறு. லீகலில் வெறும் 18. செக்‌ஷனல் டெஸ்டை விட்டுவிட்டு முழுத் தேர்வு மட்டும் எழுதலாமா? பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால் வாசிக்கவே எனக்கு நேரம் பிடிக்கிறது.
– பிளஸ் டூ மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: விட வேண்டாம். எழுதும் முறையை மாற்றுங்கள், எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்ன நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள்: 40, 35, 30, 20, 20. மொத்தம் 145. கிளாட் இளநிலைத் தேர்வுக்கு 120 கேள்வி, 120 நிமிடம். ஆக, இரண்டு மாதமாக 145 நிமிடத் தேர்வு ஒன்றைத் துண்டு துண்டாக எழுதிப் பழகியிருக்கிறீர்கள். முழுத் தேர்வில் அந்த 25 நிமிடம் கிடைப்பதில்லை. அங்கே ஏற்படும் அவசரத்தில்தான் லீகலில் 24 என்பது 18 ஆகிறது. சட்டம் புரியாததால் போன மதிப்பெண் இல்லை அது.

முதலில் நேரத்தைப் பங்கு பிரியுங்கள். கேள்வி எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும்: லீகலும் கரன்ட் அஃபயர்ஸும் தலா 28 முதல் 32, இங்கிலீஷும் லாஜிக்கலும் தலா 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. நடுத்தரமாக வைத்துக்கொண்டால் லீகலுக்கு 33 நிமிடம், லாஜிக்கலுக்கு 28, இங்கிலீஷுக்கு 22, கரன்ட் அஃபயர்ஸுக்கு 15, கணக்குக்கு 14. இது 112 ஆகிறது. மீதி 8 நிமிடம், தள்ளி வைத்த கேள்விகளுக்கும், வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளைச் சரிபார்ப்பதற்கும். கிளாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரக் கட்டுப்பாடு கிடையாது, எந்தப் பகுதியிலிருந்தும் தொடங்கலாம். அந்தச் சுதந்திரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பிடித்த பகுதியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இனி எந்த செக்‌ஷனல் டெஸ்ட் எழுதினாலும் இந்த நிமிடம் முடிந்ததும் ஒரு கோடு போடுங்கள். அதுவரை எழுதியதுதான் உங்கள் மதிப்பெண். பிறகு வேறு நிறப் பேனாவால், நேரம் பார்க்காமல், மிச்சத்தை முடியுங்கள். இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வாருங்கள். கோட்டுக்கு முன் 17, பின்னால் சேர்த்து 24 என்றால் உங்கள் குறை வேகம். முன்னும் பின்னும் 17, 18 என்றே நின்றால் குறை புரிதல். இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துக் காட்டத்தான் செக்‌ஷனல் டெஸ்ட் இருக்கிறது. மதிப்பெண் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு இல்லை.

தினமும் இரண்டு என்பது அதிகம். ஒரு நாளுக்கு ஒன்று போதும். தேர்வுக்கு 33 நிமிடம் என்றால் திருத்தி அலசுவதற்குக் குறைந்தது 60 நிமிடம் வேண்டும். விடைக்குறிப்பைப் பார்த்து ‘ஓ, இதுவா’ என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தால் அந்த டெஸ்ட் வீண். ஒரு நோட்டுப் போடுங்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: நான் எதைக் குறித்தேன், அப்போது என்ன நினைத்துக் குறித்தேன், சரியான விடைக்குப் பாஸேஜில் (கேள்விகளுக்கு மேலே தரப்படும் பகுதி) எந்த வரி ஆதாரம். பக்கத்தில் தவறின் வகையையும் எழுதுங்கள். பாஸேஜைச் சரியாக வாசிக்கவில்லையா, கேள்வி கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு விடை தேடினீர்களா, இரண்டு ஆப்ஷன்வரை வந்து சறுக்கினீர்களா, அவசரமா, தெரியவே தெரியாதா? தவறானதைப் போலவே, குருட்டாம்போக்கில் போட்டுச் சரியானதையும் நோட்டில் சேருங்கள். முழுத் தேர்வில் அவைதான் தவறாகும். பத்து நாள் கழித்து, நோட்டைப் பார்க்காமல் அந்தக் கேள்விகளை மட்டும் திரும்பப் போடுங்கள். மறுபடியும் அதே ஆப்ஷனைத் தொட்டால் அந்தத் தவறு இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

லீகலில் என்ன மாதிரித் தவறு நடக்கும் என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். பாஸேஜ் சொல்லும் விதி: பணியாளர் தன் பணியின் போக்கில் செய்யும் தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. சம்பவம்: சரக்கை இறக்கிவிட்டுக் கிடங்குக்குத் திரும்ப வேண்டிய டிரைவர், சொல்லாமல் கொள்ளாமல் 30 கிலோமீட்டர் தள்ளி உறவினர் வீட்டுக்கு வண்டியை ஓட்டிப் போகிறார். வழியில் சைக்கிளில் போனவர் மீது மோதுகிறார். ஆப்ஷன்கள்: (அ) வண்டி முதலாளியுடையது, எனவே அவர் பொறுப்பு. (ஆ) முதலாளி வண்டியில் இல்லை, எனவே பொறுப்பில்லை. (இ) அந்தப் பயணம் பணியின் போக்கில் சேராது, எனவே பொறுப்பில்லை. (ஈ) டிரைவரை நியமித்தவர் அவரே, எனவே பொறுப்பு.

விடை இ. ‘பொறுப்பில்லை’ என்ற முடிவுக்குச் சரியாக வந்துவிட்டு ஆ-வைக் குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். முடிவு சரி, காரணம் தவறு. முதலாளி வண்டியில் இருந்தாரா என்பதைப் பற்றி விதி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே லீகல் டெஸ்டில் விடை குறிக்கும் முன், ஆப்ஷனில் இருக்கும் ‘எனவே’வுக்கு முந்தைய பகுதி விதியில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை. பாரதிய நியாய சன்ஹிதா போன்ற சட்டங்களை முன்கூட்டியே படித்தவர்கள், தெரிந்த விதிவிலக்கைக் கொண்டுவந்து பாஸேஜுக்குள் திணிப்பார்கள். பாஸேஜில் இல்லாத விதி அந்தக் கேள்விக்கு விதியே இல்லை. இந்தப் பகுதியில் கூடுதல் உழைப்பு வீண்போகாது. இருவர் சமமான மதிப்பெண் எடுத்தால், லீகலில் அதிகம் எடுத்தவருக்குத்தான் முன்னுரிமை.

லாஜிக்கலிலும் நோய் ஏறக்குறைய இதுவே. உலகத்தில் உண்மையாக இருக்கும், பாஸேஜிலிருந்து வராது. அப்படிப்பட்ட ஆப்ஷன்தான் இழுக்கும். வாதத்துக்கு அடிப்படையான அனுமானம் எது என்று கேட்டால், ஒவ்வொரு ஆப்ஷனையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். எதை மறுத்தால் வாதம் இடிந்து விழுகிறதோ அதுதான் விடை. வாதத்தை வலுப்படுத்துவது, பலவீனப்படுத்துவது என்ற கேள்விகளில் ‘அல்ல’, ‘தவிர’ என்று வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடும் பழக்கத்தை செக்‌ஷனல் டெஸ்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ் வழி பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான், அது நியாயமா என்பது வேறு பேச்சு. நடைமுறையில் நீங்கள் சமாளிக்க வேண்டியது சுமார் 450 சொல் கொண்ட பாஸேஜை இரண்டு, இரண்டரை நிமிடத்தில் வாசித்து முடிப்பதை. இங்கிலீஷ் பகுதிக்கு 22 நிமிடம், பாஸேஜ் நாலு இருக்கும் என்று வைத்தால் ஒன்றுக்கு ஐந்தரை நிமிடம்தான். வாசிக்க நாலு நிமிடம் போனால் ஆறு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் மிஞ்சும். இங்கிலீஷில் முதல் மூன்று வாரம் முழு செக்‌ஷன் எழுதாதீர்கள். ஒரு பாஸேஜ், அதன் கேள்விகள், ஆறரை நிமிடம். நாளுக்கு மூன்று. பிறகு ஆறு, பிறகு ஐந்தரை. தெரியாத சொல் வந்தால் நிற்காமல் போங்கள், முடித்த பிறகு பாருங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழில் நாலைந்து சொல்லில் மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம், தப்பே இல்லை. வரிக்கு வரி மொழிபெயர்ப்பதுதான் நேரத்தைத் தின்னும்.

கரன்ட் அஃபயர்ஸ் டெஸ்டை மட்டும் தேர்வாகப் பார்க்காமல் பாடமாகப் பாருங்கள். இங்கே பாஸேஜ் இருக்கும், விடை பெரும்பாலும் அதில் இருக்காது. உதாரணத்துக்கு 2023இல் வந்த மகளிர் இடஒதுக்கீடு. மசோதாவாக இருந்தபோது அது 128வது அரசியலமைப்புத் திருத்த மசோதா, சட்டமானபோது 106வது திருத்தம். ஆப்ஷனில் இரண்டு எண்ணும் இருக்கும். செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர் அங்கே திணறுவார். ஒரு கேள்வி தவறினால் அதைச் சுற்றியிருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்: மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், டெல்லி சட்டமன்றம் மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகு அமல், 15 ஆண்டுக்கு. போன வருடத் தேர்வுக்காகத் தயாரித்த டெஸ்டுகள் கையில் கிடைத்தால் இந்தப் பகுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கணக்கில் 12 மதிப்பெண்தானே என்று ஒதுக்குபவர்கள் தவறு செய்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு. சதவீதம், விகிதம், சராசரி, பரப்பளவு. கால்குலேட்டர் கிடையாது. சிரமம் கணக்கில் இல்லை, பத்தியாகக் கொடுத்த எண்களை அட்டவணையாக மாற்றுவதில் இருக்கிறது. எனவே முதல் 3 நிமிடம் அட்டவணை போடுவதற்கே கொடுங்கள். 40 சதவீதம் 50 ஆனால் உயர்வு 10 சதவீதப் புள்ளி, ஆனால் 25 சதவீத வளர்ச்சி. இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆப்ஷன் காத்திருக்கும். காமர்ஸ் மாணவியான உங்களுக்கு இது கைவந்த பகுதியாக வேண்டும்.

இப்போது உங்கள் 33 தவறுக்கு வருவோம். ஒரு தவறுக்கு 0.25 வீதம் 8.25 போயிருக்கிறது, மிஞ்சியது 62.75. இதைக் கண்டு பயந்து விடையளிப்பதையே குறைத்துவிடாதீர்கள். நாலு ஆப்ஷனில் ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தால் மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக 0.17 மதிப்பெண் லாபம், இரண்டை நீக்க முடிந்தால் 0.375. எதையுமே நீக்க முடியாதபோது லாபம் 0.06தான், அதற்காக ஒரு நொடியும் செலவிட வேண்டாம். நீக்கினேன் என்று நினைத்த ஆப்ஷனே விடையாக இருக்கிறதா என்பதையும் நோட்டில் கவனியுங்கள். அடிக்கடி அப்படி நடந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பகுதியில் சந்தேகக் கேள்விகளை விட்டுவிடுங்கள்.

செக்‌ஷனுக்கும் முழுத் தேர்வுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டு, மூன்று பகுதிகளைச் சேர்த்து, இடைவெளி விடாமல் எழுதுவது. லீகலும் லாஜிக்கலும் 61 நிமிடம். அடுத்த வாரம் இங்கிலீஷ், கரன்ட் அஃபயர்ஸ், கணக்கு மூன்றும் சேர்த்து 51 நிமிடம். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முதல் பாஸேஜில்தான் மனம் தடுமாறும். தனித்தனியாக எழுதும்போது அது தெரியவே தெரியாது.

வாரத்துக்கு நாலு நாள் தனிப் பகுதி, ஒரு நாள் சேர்த்து எழுதுவது, ஒரு நாள் முழுத் தேர்வு, ஒரு நாள் அலசல் மட்டும். கடைசி ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு முழுத் தேர்வு. அப்போது செக்‌ஷனல் டெஸ்ட், முழுத் தேர்வில் அடிவாங்கிய பகுதிக்கு மட்டும்.

வினாத்தாள் தேட அலைய வேண்டாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே பழைய வினாத்தாள்களைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. 2020 முதலான தாள்கள்தான் பாஸேஜ் முறை. அதற்கு முந்தையவை 200 கேள்வி கொண்ட வேறு பாணி. 2023வரை 150 கேள்வி இருந்தது, எனவே அவற்றைப் பகுதிகளாக வெட்டிப் பயன்படுத்துங்கள். 2024, 2025 தாள்களை வெட்டாமல் முழுத் தேர்வுக்கென்று பத்திரமாக வையுங்கள். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் அங்கே ஐலெட் தனித் தேர்வு: 150 கேள்வியில் 70 லாஜிக்கல், அதே 120 நிமிடம். அதற்கு இந்த நேரப் பங்கீடு உதவாது, லாஜிக்கல் பயிற்சி உதவும்.

மொபைலில் மட்டும் எழுதிப் பழகாதீர்கள். கிளாட் தாளில்தான் நடக்கிறது, பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், அழிக்க முடியாது. சேர்த்து எழுதும் நாளிலிருந்தே ஓ.எம்.ஆர். தாளைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பாஸேஜ் முடிந்ததும் அதன் வட்டங்களை நிரப்பிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால், ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்த இடத்தில் வரிசை ஒன்று தள்ளிப்போய் அதற்குக் கீழே எல்லாமே தவறாகும். முழுத் தேர்வுகளை மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து எழுதுங்கள். சமீப ஆண்டுகளில் கிளாட் 2 முதல் 4 வரைதான் நடக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் அந்த நேரத்தில் லீகலை முதலில் வைப்பது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதை மூன்று, நாலு தேர்வில் மாற்றி மாற்றிப் பார்த்து, நவம்பருக்குள் ஒரு வரிசையை முடிவு செய்துவிடுங்கள்.