ஆயில் குடிக்கும் லாரி: என்ஜினை இறக்குவதற்கு முன்னால்

கேள்வி: என் லாரி ஆறு சிலிண்டர் டர்போ டீசல். ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆறு மாதமாக 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் நீலப்புகை வருவதோடு சரி. மெக்கானிக், "ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்கிறார். இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். மெக்கானிக் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் எதைச் சோதித்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. ஆயில் குறைகிறது என்பதால் மட்டும் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது என்று ஆகிவிடாது. ஆயில் வெளியேற ஐந்தாறு வழிகள் உண்டு. அவற்றில் பாதியை என்ஜினைத் திறக்காமலே சரிசெய்துவிடலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லாரி என்ஜினில் ஆயில் செலவை டீசல் செலவோடு ஒப்பிடுவதுதான் சரியான முறை. பாரம் ஏற்றி மலையேறும் வண்டிக்கும் காலியாகச் சமதரையில் ஓடும் வண்டிக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. உங்கள் வண்டி 1000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் குடிக்கிறது. ஆயில் 2 லிட்டர். அதாவது 0.8 சதவீதம். நல்ல நிலையில் இருக்கும் லாரி என்ஜின் சுமார் 0.1 முதல் 0.3 சதவீதத்துக்குள் நிற்கும். உங்கள் வண்டிக்கு அது கால் லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். சரியான வரம்பு உங்கள் என்ஜினின் கையேட்டில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. எப்படிப் பார்த்தாலும் உங்கள் அளவு அதிகம்தான்.

ஆனால் அந்த 2 லிட்டர் உண்மையான கணக்குதானா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், நான் பார்த்த எத்தனையோ 'ஆயில் குடிக்கும்' வண்டிகளில் பிரச்சினை டிப்ஸ்டிக்கில்தான், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில்தான் இருந்தது. ஓட்டுநர் வண்டியைச் சரிவில் நிறுத்துகிறார், அணைத்த கையோடு டிப்ஸ்டிக்கை உருவுகிறார். ஆயில் இன்னும் மேலேயிருந்து சம்ப்புக்கு (என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்கியிருக்காது. குறைவாகக் காட்டும். உடனே ஒரு லிட்டர் ஊற்றுகிறார். இப்போது மேல் கோட்டைத் தாண்டிவிட்டது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயிலைத் தொட்டு அடித்து நுரையாக்கும், கூடுதல் ஆயில் ப்ரீதர் (கிராங்க் அறையின் காற்றுப்போக்கி) வழியாகவும் சிலிண்டர் வழியாகவும் போய்விடும். இரண்டு நாளில் மறுபடி 'குறைந்துவிட்டது'. மறுபடி ஒரு லிட்டர். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் என்ஜினுக்குக் குறையில்லை. எப்போதும் மேல் கோட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே ஒழுங்காக அளந்துவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, அணைத்து, கால் மணி நேரம் காத்திருந்து, மேல் கோடு வரை நிரப்புங்கள். அப்புறம் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு, ஊற்றுகிற ஒவ்வொரு மில்லிலிட்டரையும் அளவு ஜாடியில் அளந்து எழுதுங்கள். போட்ட டீசலையும் எழுதுங்கள். இந்த ஓட்டத்தில் ஆயில் மட்டம் ஏறினால் அது இன்னும் மோசம்: டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ சம்ப்பில் கலக்கிறது.

அளவு உண்மைதான் என்றால், ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தேடலாம்.

கீழே சொட்டவில்லை என்பதால் கசிவே இல்லை என்று சொல்ல முடியாது. சில கசிவுகள் என்ஜின் ஓடும்போது, பிரஷர் ஏறும்போது மட்டும்தான் வரும். காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். என்ஜினைக் கழுவிவிட்டு ஒரு நாள் ஓட்டியபின் அடியில் படுத்துப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்தபின் திறந்து, தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் கூலர் உள்ளுக்குள் ஓட்டையானால், ஓடும்போது ஆயிலின் பிரஷர்தான் அதிகம் என்பதால், ஆயில் தண்ணீருக்குள் போகும்.

அடுத்தது, பலர் மறந்துவிடும் இடம்: பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர். அது என்ஜின் ஆயிலில்தான் ஓடுகிறது. அதன் ரிங் தேய்ந்தால் ஆயில் ஏர் டேங்குக்குப் போகும். டேங்கின் அடி வால்வைத் திறந்துவிடுங்கள். தண்ணீரோடு லேசான எண்ணெய்ப் பசை வந்தால் பரவாயில்லை. கறுப்பாகக் கொழகொழவென்று கொட்டினால் உங்கள் ஆயிலில் ஒரு பங்கு அங்கே போகிறது. ஒரு வண்டியில் ஹெட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ப்ரீதரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க் அறையில் காற்று கட்டிக்கொண்டு, எந்த சீல் பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். டர்போவிலிருந்து (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) சம்ப்புக்கு ஆயில் இறங்க முடியாமல் போவதற்கும் இது ஒரு காரணம். ப்ரீதரைச் சுத்தம் செய்யாமல், ஆயில் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல், ஏர் ஃபில்டர் நிலையைப் பார்க்காமல் டர்போவை மாற்றினால், புது டர்போவும் அதே வேலையைத்தான் செய்யும்.

டர்போவா என்ஜினா என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சைலன்சர் பக்கத்து மேனிஃபோல்டைக் கழற்றுங்கள். சிலிண்டர்களிலிருந்து வரும் வாய்கள் எல்லாம் உலர்ந்து இருந்து, டர்போவுக்குப் பின்னால் மட்டும் ஈரம் என்றால் குற்றவாளி டர்போ. ஒன்றிரண்டு வாய்களில் மட்டும் எண்ணெய் ஈரம் என்றால் எந்த சிலிண்டர் என்பதுகூடத் தெரிந்துவிடும். எல்லாமே ஈரமாக இருந்தால்தான் மெக்கானிக்கின் பேச்சுக்கு வலு சேரும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். தேங்கி நிற்கக் கூடாது.

புகையைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமான தடயம். காலையில் மட்டும் நீலமாக வந்து ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால், ராத்திரி முழுக்க வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக இறங்கிய ஆயில் எரிவதாக இருக்கலாம். வால்வு சீல் மாற்றினால் போதும். ரிங் போன வண்டி பாரத்தோடு மேட்டில் ஏறும்போது புகையும். ஆனால் ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த டீசல் என்ஜின் விடும் வெள்ளைப்புகையும் சில வெளிச்சத்தில் நீலமாகத் தெரியும். அது எரியாத டீசல், கண்ணை எரிக்கும். வண்டியில் புகை வடிகட்டி இருந்தால் புகையை நம்பவே வேண்டாம், அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆயில் எரிந்த சாம்பல் உள்ளே சேர்ந்து வடிகட்டிதான் அடைத்துக்கொள்ளும்.

இப்போது ரிங். என்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, துள்ளிக் கீழே விழுந்தால் சிலிண்டரின் காற்று ரிங்கைத் தாண்டி அளவுக்கு மீறி சம்ப்புக்குள் இறங்குகிறது. இது தோராயமான சோதனை. கிராங்க் அறைப் பிரஷரை மானோமீட்டரில் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) அளந்து கையேட்டோடு ஒப்பிடுவதுதான் சரி. கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) நன்றாக இருந்தால் ரிங் நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அதை முழுசாக நம்பாதீர்கள். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள். ஆயிலை வழிப்பது கீழே இருக்கும் ஆயில் ரிங். அது கரி பிடித்து ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் குறையாமலே ஆயில் குறையும்.

ரிங்தான் என்று உறுதியானால், ஏன் தேய்ந்தது என்ற கேள்வியையும் கேளுங்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் ஒட்டினால் ஏதோ ஒரு கிளிப் தளர்ந்து தூசி உள்ளே போகிறது. அதை விட்டுவிட்டு ரிங்கை மட்டும் மாற்றினால் புது ரிங்கும் சீக்கிரமே தேயும். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சிலிக்கான் அதிகமாக இருப்பதே தூசியைக் காட்டிக்கொடுத்துவிடும். டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகினாலும் அந்த டீசல் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும்.

கெட்டி ஆயில் விஷயம்: கையேடு அனுமதிக்கும் கிரேடுக்குள் ஒரு படி ஏறுவதில் தப்பில்லை, செலவு சிறிது குறையலாம். அதைத் தாண்டினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேர நேரமாகும். ஆயிலில் கலக்கும் டப்பா மருந்துகளுக்கு நான் காசு செலவழிப்பதில்லை. இன்னொன்று, தினமும் புது ஆயில் ஊற்றுவதால் ஆயில் மாற்ற வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிராங்க் அறைப் பிரஷர் வரம்புக்குள் இருந்து, ஆயில் செலவும் மாதாமாதம் ஏறாமல் நின்றால், கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டிக்கொண்டே வேலைக்கு நாள் பார்க்கலாம். டர்போதான் ஒழுகுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஒழுகும் ஆயில் சிலிண்டருக்குள் போனால், டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை விட்டு அணைக்கப் பாருங்கள். நின்றிருக்கும் வண்டியில் என்றால் காற்று இழுக்கும் வாயில் கையை மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். எல்லோரும் என்ஜினை விட்டுத் தள்ளிப் போங்கள்.

என்ஜினை இறக்குவது தவிர்க்க முடியாமல் போனால், பழைய லைனரில் புது ரிங் மட்டும் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். லைனர் தேய்மானத்தையும் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வண்டி கைக்கு வந்ததும் மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவதும் தப்பு. லைனர் கண்ணாடிபோல் வழவழப்பாகி ரிங் உட்காராமல் போய்விடும். சூடேறியதும் நடுத்தரப் பாரத்தோடு ஓட்டுங்கள். ரிங் உட்காரச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். அதுவரை ஆயில் செலவு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.