நீலமாகப் பூத்ததெல்லாம் நீலக்குறிஞ்சியா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். சோலைக்காட்டுப் பாதையோரம், என் தலைக்கு மேல் வளர்ந்த ஒரு புதரில் கொத்துக்கொத்தாக நீலப்பூ. டிரைவர் "குறிஞ்சி சார்" என்றார். 2018இல் பூத்ததற்கு இனி 2030தானே? படம் அனுப்பியிருக்கிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டிரைவர் சொன்னதில் தப்பில்லை. குறிஞ்சி என்பது ஒரு செடியின் பெயர் மட்டுமல்ல. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் நம் மேற்கு மலைகளிலேயே பல பத்து இனங்கள் உண்டு. ஆண்டுதோறும் பூப்பவை சில. வருஷக்கணக்கில் காத்திருந்து, கூட்டமாகப் பூத்து, விதை விட்டு மடிபவை சில. 12 ஆண்டுக்காரி நீலக்குறிஞ்சி. மகாராஷ்டிர மலைகளில் பூக்கும் கார்விக்கு 8 ஆண்டு.

ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். 2006, 2018 என்பது பெருங்கூட்டம் பூத்த கணக்கு. வேறொரு சரிவில் இருக்கும் கூட்டம் வேறு ஆண்டில் பூப்பதுண்டு.

நீங்கள் எழுதிய இரண்டு விவரங்கள்தான் எனக்குப் பெரிய துப்பு: சோலை நிழல், தலைக்கு மேல் உயரம். நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவில், காற்றிலும் வெயிலிலும் நெருக்கமாக நிற்கும். பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்புவரைதான். மர நிழலில் ஆளுயரம் தாண்டியது, அநேகமாக அதன் சோலைக்காட்டு உறவு. எந்த உறவு என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். படம் முழுக்கப் பூவின் முகம்தான். நீலக்குழலும் ஐந்து மடலும் இந்த இனங்களில் பலவற்றுக்கும் பொது.

பார்க்க வேண்டியது பூ உட்கார்ந்திருக்கும் இடத்தை. இதற்கு மலையேற வேண்டியதில்லை. உங்கள் தெருவில் யார் வீட்டுத் தொட்டியிலாவது கனகாம்பரம் இருக்கும். அதுவும் குறிஞ்சியின் குடும்பம்தான். கதிரைப் பாருங்கள்: பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அவற்றின் இடுக்கிலிருந்து பூ வரும். பக்கத்திலேயே டிசம்பர் பூவை வையுங்கள். அதுவும் உறவே, ஆனால் பூவுக்கு அடியில் ஓரமெல்லாம் முள்முள்ளான இரண்டு பெரிய புல்லிகள். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் குறிஞ்சிகளையும் கண் பிரிக்கத் தொடங்கும்: கதிர் நீளமா குட்டையா, செதில் அகலமா ஒடுக்கமா, ரோமம் உண்டா, தொட்டால் பிசுபிசுக்கிறதா.

இலையையும் திருப்பிப் பாருங்கள். நீலக்குறிஞ்சியின் இலை சிறியது, ஓரம் பல்பல்லானது. அடிப்புறத்தில் நரம்புகள் வரிவரியாகப் புடைத்துத் தெரியும். தாவரவியலார் அதற்கு முதலில் வைத்த பேரினப் பெயரான ஃபிளெபோஃபில்லம் என்பதற்கே 'நரம்பிலை' என்றுதான் பொருள்.

அடுத்த முறை நாலு படம் எடுங்கள்: செடி முழுதும் அது நிற்கும் இடமும், கதிர் பக்கவாட்டில், இலை மேல்புறம், இலை அடிப்புறம். அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் பிடியுங்கள். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். ஒரே முறை பூத்து மடியும் செடிக்கு அந்தக் கதிரில் முற்றும் விதைதான் வாரிசு.