வளைந்தது ஷாஃப்டா, ஹவுசிங்கா?

இந்த மழைக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆக்ஸிலைப் பற்றித்தான். கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையிலிருந்து கிளாவரை வரை, ஜீப் இறங்கும் தோட்டப் பாதையெல்லாம் மண் கரைந்து கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. எழுதுகிற எல்லோரும் "ஆக்ஸில் வளைஞ்சு போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். ஆனால் உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் வேறு, அதை மூடிக்கொண்டு வண்டியின் பாரத்தைச் சுமக்கிற ஹவுசிங் வேறு. எது வளைந்தது என்று தெரியாமல் மாற்றுவதா, சரிசெய்வதா என்று சொல்ல முடியாது.

பூண்டு மூட்டையோடு வரும்போது பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி விழுந்தது. அன்றிலிருந்து பின்பக்கம் ஆடுகிறது. எங்கே வளைந்திருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா? (பூம்பாறை)

முடியும். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடவே கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, ரிம்மின் ஓரத்துக்கு ஒரு நூல் அளவு தள்ளி ஒரு குச்சியை அசையாமல் ஊன்றுங்கள். இப்போது சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் முதலில் ரிம்மைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பக்கத்து ரிம்மையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். ஆட்டம் ரிம்மோடு போனால் ரிம் கோணல். பழைய பக்கத்திலேயே நின்றால் ஷாஃப்டோ அதன் ஃபிளாஞ்சோ (முனையில் உள்ள வட்டத் தட்டு) வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் கதை தெரிந்துவிடும்.

ஆட்டமே இல்லை, ஆனால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் வளைந்தது ஹவுசிங். சுற்றும்போது மாறினால் ஷாஃப்ட் பக்கம், சுற்றினாலும் அப்படியே இருந்தால் ஹவுசிங் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, சுற்றிலும் போல்ட் வரிசை இருந்தால் அது ஃபுல் ஃபுளோட்டிங் ஆக்ஸில். அதில் ஷாஃப்ட் பாரம் சுமப்பதில்லை, இழுவை மட்டும்தான். ஷாஃப்ட் வளைந்தாலும் சக்கரம் ஆடாது. ஆடினால் ஹப் பேரிங்கைப் பாருங்கள். செமி ஃபுளோட்டிங்கில் சக்கரம் நேராக ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அண்ணே, வளைந்த ஷாஃப்டைச் சூடு காட்டி பிரஸ்ஸில் நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார்கள். புதுசின் விலையில் கால்வாசிதான். செய்துகொள்ளலாமா? (பண்ணைக்காடு)

வேண்டாம் தம்பி. எவ்வளவு நல்ல கைக்காரர் சொன்னாலும் வேண்டாம்.

ஷாஃப்ட் சாதாரண இரும்புக் கம்பி இல்லை. மேல்தோல் கடினமாகவும் உள்ளே இளக்கமாகவும் இருக்கும்படி பதம் போட்டுச் செய்தது. கேஸ் விளக்கை வைத்துச் சிவக்கச் சுட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். சூடு காட்டாமல் பிரஸ்ஸில் அழுத்தினாலோ, கடினத் தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். அப்புறம் சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அந்த விரிசல் திறந்து மூடும்.

சில வருடங்களுக்கு முன் வத்தலக்குண்டு மலைப்பாதையில் நின்றுபோன ஒரு ஜீப்பை இழுத்து வந்தோம். ஒரு பட்டறையில் நிமிர்த்திப் போட்ட ஷாஃப்ட், ஃபிளாஞ்சை ஒட்டி முறிந்திருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பகுதி கறுத்து, சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வரிவரியாக இருந்தது. மீதிப் பகுதி அன்று உடைந்த வெள்ளைப் பொடிக்கல் மாதிரி மினுங்கியது. கறுத்த பகுதி பல நாளாக விரிந்துகொண்டே வந்தது. மினுங்கியது அந்த ஒரு நொடியில் போனது. வண்டியில் ஆறு பேர் இருந்தார்கள், ஒரு பக்கம் பள்ளம். அதைப் பார்த்த பிறகு நான் யாருக்கும் ஷாஃப்ட் நிமிர்த்திக் கொடுப்பதில்லை.

'கொஞ்சம்தானே வளைந்திருக்கிறது' என்றும் விடாதீர்கள். ஆறு அங்குல ஃபிளாஞ்சின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், முப்பது அங்குல டயரின் ஓரத்தில் அது இரண்டரை மில்லிமீட்டர். ஆயில் சீலும் பேரிங்கும் எத்தனை நாள் தாங்கும்? உள்முனையில் பல் போல வெட்டிய ஸ்பிளைன் கோடுகள் கயிறு திரித்ததுபோல முறுக்கியிருந்தாலும் அதே பதில்தான். மாற்றுங்கள், கூடவே சீலையும் பேரிங்கையும் மாற்றுங்கள்.

ஹவுசிங்தான் வளைந்திருக்கிறது. அதையும் மாற்றத்தான் வேண்டுமா? (கவுஞ்சி)

அவசியமில்லை. ஹவுசிங் குழாய் இளகிய இரும்பு, நிமிர்த்தினால் நிற்கும். ஆனால் வண்டியிலேயே வைத்து, சங்கிலி கட்டி ஜாக்கியால் தள்ளுகிற வேலை ஆகாது. ஷாஃப்ட், நடுவில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் ஹவுசிங்கை நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பேரிங் இருக்கைக்கும் நடுவே நேரான உருட்டுக் கம்பியை விட்டுப் பார்த்துப் பார்த்து பிரஸ்ஸில் தள்ள வேண்டும். கம்பி இறுகாமல் தானாக நுழைந்தால்தான் வேலை முடிந்தது. அதற்கு முன் ஸ்பிரிங் உட்காரும் இடம், குழாய் நடு வார்ப்புக்குள் நுழையும் இடம் இரண்டையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து விரிசல் பாருங்கள். வார்ப்பில் விரிசல் இருந்தாலோ, குழாய் வார்ப்புக்குள் திரும்பியிருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்தியதாக இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறு எங்கோ முழு ஆக்ஸிலாகப் பழையது வாங்கினால், பணம் கொடுக்கும் முன் பல் எண்ணுங்கள். பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல் என்றால் விகிதம் 5.375. முன் ஆக்ஸிலிலும் அதே விகிதம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கடைசியில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போகும்.

ஸ்டியரிங் நேராக இருந்தும் ஜீப் நண்டு மாதிரி கோணலாகப் போகிறது. ஆக்ஸில் வளைந்திருக்குமா? (தாண்டிக்குடி)

அநேகமாக இல்லை. லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கும். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். லோடு ஏற்றி ஒரு நடை போய்வந்ததும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க மறக்காதீர்கள்.

என்னுடையது 2021 மஹிந்திரா தார் ஜீப். முன் ஆக்ஸில் வளைந்துவிட்டது என்று சொன்னார்கள். (கொடைக்கானல்)

2020இல் வந்த புதிய தாரில் முன்பக்கம் முழு ஆக்ஸிலே கிடையாது, இரண்டு சக்கரமும் தனித்தனி ஆர்மில் நிற்கின்றன. வளைந்திருந்தால் ஆர்ம், டை ராடு, டிரைவ் ஷாஃப்ட் இவற்றில் ஒன்று. எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வளைந்த ஆர்மை நிமிர்த்தாமல் மாற்றுங்கள். இன்சூரன்ஸ் கேட்பதானால், விபத்தில் வளைந்ததற்குத்தான் கிடைக்கும், அதுவும் சொந்த சேதத்துக்கான பாலிசி இருந்தால். நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடைக்காது.

ஐயா, சரிவில் பின் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. ஃபோர் வீல் போட்டு வீடு வரை ஓட்டி வரலாமா? (கிளாவரை)

ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் ஆபத்து. பழைய ஜீப்கள் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் ஆக்ஸிலுக்கு இழுவை கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பக்க ஷாஃப்ட் முறிந்தால், இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் அந்த முறிந்த பக்கத்தைச் சும்மா சுற்றவிடும், நல்ல பக்கத்துச் சக்கரமும் தடையில்லாமல் உருளும். ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் நிற்காது, முதல் கியரில் போட்டாலும் நிற்காது. அதனால் காலை பிரேக்கிலிருந்து எடுக்கும் முன் கூட இருப்பவரை இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால், ஃபோர் வீல் கியரில் போட்டு, முன் ஹப் லாக் ஆகியிருந்தால் (முன்சக்கரம் அதன் ஷாஃப்டோடு பூட்டியிருந்தால்) முன்பக்கம் பிடிக்கும். அப்போதும் இறங்கியவுடன் கல்.

செமி ஃபுளோட்டிங் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஷாஃப்டோடு சக்கரமும் வெளியே வந்துவிடலாம். ஃபுல் ஃபுளோட்டிங் என்றால் முறிந்த துண்டுகளை வெளியே எடுத்து, ஃபிளாஞ்ச் இருக்கும் துண்டை மட்டும் மூடியாகத் திரும்பப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும், மண் உள்ளே போகும். பாரத்தை இறக்கிவிட்டு, லோ கியரில் முன்சக்கர இழுவையில் மெதுவாக வரலாம். வந்து சேர்ந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். இரும்புத் துணுக்கு தென்பட்டால் கவரைத் திறக்காமல் புது ஷாஃப்டைப் போடாதீர்கள்.