கேளுங்கள் டீச்சர்: ஒரு செடியில் 43-க்கு 2

அரசுப் பள்ளிகளில் 31 வருடம் உயிரியல் நடத்தியவள் நான். கடைசி ஒன்பது வருடம் கூடலூர் பக்கம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரபியலைப் பற்றித்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பேத்தி எடுத்தவர்கள் வரை கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: மெண்டல் பாடத்தில் உருண்டை விதை, சுருங்கிய விதை என்று வருகிறது. விதை ஏன் சுருங்குகிறது என்று கேட்டால், 'அது ஒடுங்கு பண்பு, அதனால்' என்கிறார்கள். இது பதிலா டீச்சர்?
- பத்தாம் வகுப்பு மாணவி, அரூர்

இல்லை கண்ணு. அது பெயர், காரணம் இல்லை. நீ விடாமல் கேட்டது ரொம்பச் சரி.

சுண்டலுக்கு வாங்கும் காய்ந்த பட்டாணி வீட்டில் இருக்கும், நாலு எடுத்துக்கொள். விதைக்கடையில் தோட்டப் பட்டாணி விதை கொஞ்சம் வாங்கு. (அதில் மருந்து பூசியிருப்பார்கள், வாயில் போடாதே, தொட்டதும் கையைக் கழுவு.) இரண்டையும் ஒரு தட்டில் வைத்துப் பார். சுண்டல் பட்டாணி கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். மற்றது பெரும்பாலும் சுண்டைக்காய் வற்றல் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். பட்டாணிச் செடிகளை வளர்த்து, பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்த மெண்டல் கண்ட வித்தியாசம் இதுதான்.

விதை முற்றும்போது சர்க்கரை ஸ்டார்ச்சாக மாறுகிறது. அந்த ஸ்டார்ச்சுக்குக் கிளை விட வைக்க ஒரு நொதி உண்டு. சுருங்கும் ரகத்தில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே, சுமார் 800 எழுத்து நீளத்துக்கு வேறொரு டி.என்.ஏ. துண்டு எங்கிருந்தோ வந்து புகுந்திருக்கிறது. இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள் இதை 1990-ல் காட்டினார்கள். நொதி இல்லாததால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது, அது தண்ணீரை இழுக்கிறது, பச்சையாக இருக்கும்போது விதை நன்றாக உப்புகிறது. காய்ந்ததும் தண்ணீர் போய்விடும். உள்ளே சரக்கு குறைவு, தோல் மட்டும் பெரிசு, அதனால் மடிப்பு விழுகிறது. பச்சைப் பட்டாணி இனிப்பதும் இதனால்தான்.

சரி, ஏன் ஒடுங்கு பண்பு? ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டுமே மாறியிருந்தால்தான் வெளியே தெரிவது ஒடுங்கு, ஒன்றே போதும் என்பது ஓங்கு. இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலே விதையை உருண்டையாக வைக்கும் அளவுக்கு நொதி கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கலப்பு விதையின் ஸ்டார்ச் மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை முழு உருண்டை ரகத்தைப் போலவும் இல்லை, சுருங்கிய ரகத்தைப் போலவும் இல்லை, நடுவில் நிற்கின்றன. வெறும் கண்ணுக்கு ஓங்கு, நுண்ணோக்கிக்கு இடைநிலை. இதைப் பரீட்சையில் கேட்க மாட்டார்கள். ஆனாலும் மறந்துவிடாதே.

கேள்வி: என் அண்ணனுக்குத் தலசீமியா. அப்பா, அம்மா இருவருமே கடத்திகள் என்று டாக்டர் சொன்னார். 'நாலில் ஒன்று என்ற கணக்கு அண்ணனோடு முடிந்தது, இனி பிறக்கும் பிள்ளைக்கு வராது' என்கிறார் பாட்டி. சரிதானா?
- பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், விருத்தாசலம்

பாட்டி ஆசையில் சொல்கிறார், தம்பி. அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு தவறு. தலசீமியா பரம்பரையாக வரும் ரத்த நோய். கடத்தி என்றால் பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளைக்கு நோய். அண்ணனுக்கு என்ன வந்தது என்பது அடுத்த கருவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நாலில் ஒன்று.

மெண்டலின் பட்டாணியிலும் இதே நாலில் ஒன்றுதான். உங்கள் புத்தகத்தில் 5,474 உருண்டை விதை, 1,850 சுருங்கிய விதை என்று இருக்கும். வகுத்தால் 2.96. பார்க்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது 253 செடிகளின் விதைகளை ஒன்றாகக் கொட்டி எண்ணிய கணக்கு. தனித்தனிச் செடியில் என்ன வந்தது என்பதையும் மெண்டல் 1866-ல் வெளியான கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு செடியில் 43 உருண்டை, வெறும் 2 சுருக்கம். இன்னொன்றில் 14 உருண்டை, 15 சுருக்கம். அந்த இரண்டாவது செடியை மட்டும் பார்த்திருந்தால் 3-க்கு 1 என்று யாருக்காவது தோன்றுமா? என் வகுப்பில் மெண்டலை நான் எப்போதும் இந்த இரண்டு செடிகளிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

பட்டாணிச் செடியிலேயே இப்படி என்றால், நாலு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் எப்படி இருக்கும்? இருவரும் கடத்திகளாக உள்ள பெற்றோருக்கு நாலு பிள்ளைகள் பிறந்தால், சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் இருக்கும் வாய்ப்பு 64-ல் 27. பாதிகூட இல்லை. நாலு பேருக்கும் நோயே இல்லாமல் போக 256-ல் 81. இரண்டு மூன்று பேருக்கு வருவதும் உண்டு.

ஆகவே உன் பெற்றோர் அடுத்த குழந்தையைப் பற்றி யோசித்தால், கருவுற்ற 10 முதல் 12 வாரத்துக்குள் கருவைப் பரிசோதிக்க முடியும், முன்கூட்டியே டாக்டரிடம் பேசச் சொல். அப்புறம் நீ. உனக்கு நோய் இல்லை, ஆனால் நீ கடத்தியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நாலில் ஒன்றைக் கழித்துவிட்டோம், மீதி மூன்றில் இரண்டு கடத்திகள், எழுதிப் பார்த்தால் தெரியும். கல்யாண வயதுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

கேள்வி: மூன்றும் பெண் குழந்தைகள். மாமியார் வீட்டில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். என் மூத்த மகள், 'அறிவியல் புத்தகத்தில் அப்படி இல்லையே அம்மா' என்கிறாள்.
- ஒரு தாய், உசிலம்பட்டி

உங்கள் மகள் சொல்வதே சரி. உங்கள் கருமுட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் குரோமோசோம்தான் (குரோமோசோம் என்பது மரபணுக்களைத் தாங்கும் இழை) இருக்கும், தருவதற்கு வேறு கிடையாது. ஆண் குழந்தைக்கு ஒய் வேண்டும், அது வரவேண்டுமானால் அப்பாவின் விந்தணுவிலிருந்துதான் வரவேண்டும். அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி மாவுப்புழு வண்டின் செல்களை எண்ணி 1905-ல் இதைச் சொன்னார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம், ஆண் வண்டில் 19 பெரியது, ஒன்று மட்டும் குட்டி. அந்தக் குட்டிதான் ஒய். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது அம்மா, இன்னும் நம் வீடுகளில் பெண்கள் இதற்குப் பேச்சு வாங்குவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. உங்கள் கணவரையும் குறை சொல்ல முடியாது. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையில் இல்லை. மூன்று பெண்களையும் நன்றாகப் படிக்க வையுங்கள்.

கேள்வி: நாக்கைச் சுருட்டுவது ஓங்கு பண்பு என்று படித்தேன். அப்பா, அம்மாவால் முடியாது, என்னால் முடிகிறது. எப்படி?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், காரைக்குடி

பயப்படாதே, நீ அவர்கள் பிள்ளைதான். இது ஒரே மரபணுவால் வரும் பண்பு என்று 1940-ல் எழுதியவர் ஸ்டர்டெவன்ட் என்ற மரபியல் விஞ்ஞானி. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருவர் சுருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டார். பல புத்தகங்கள் இன்னும் கைவிடவில்லை.

கேள்வி: கதிர் அரிவாள் சோகை உயிரையே வாங்கும் நோய் என்கிறார்கள். அப்படியானால் இயற்கைத் தேர்வு அந்த மரபணுவை எப்போதோ அழித்திருக்க வேண்டாமா?
- பதினோராம் வகுப்பு மாணவி, பந்தலூர்

பந்தலூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

என் வகுப்பில் ஒரு பையன். எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். பெரிய தண்ணீர் பாட்டில் கொண்டு வருவான், ஒவ்வொரு பீரியடிலும் வெளியே போகக் கேட்பான். சாக்கு சொல்கிறான் என்று நினைத்து இரண்டு மூன்று முறை மறுத்திருக்கிறேன். டிசம்பர் குளிரில் வாரக்கணக்கில் வரமாட்டான். வந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கதிர் அரிவாள் சோகை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நோயில் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தேக்கிவைக்க முடியாது, அதனால் அடிக்கடி போகவேண்டியிருக்கும். தண்ணீர் குறைந்தால் வலி வரும், குளிர் பட்டாலும் வரும். உயிரியல் டீச்சரான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நோயின் மூலம் மிகச் சின்னது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின், டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து மாற்றம். அவ்வளவுதான். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகின்றன, வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைகிறது, மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்கிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாளில் அழிகிறது.

இனி உன் கேள்வி. பெற்றோர் இருவரிடமிருந்தும் அரிவாள் பிரதி வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பொதுவாக நோய் இல்லை, கூடவே கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு. மலேரியா கிருமி புகுந்த அணு இவர்களிடம் எளிதில் வளைகிறது, மண்ணீரல் அதைக் கிருமியோடு சேர்த்து வடிகட்டிவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்து இந்தத் தொடர்பை 1954-ல் எழுதியவர் ஆந்தனி அலிசன். மலேரியாக் காட்டில் மூன்று வகைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொள். அரிவாள் பிரதியே இல்லாதவர்களில் பலரை மலேரியா கொண்டு போகிறது. இரண்டு பிரதி உள்ளவர்களைச் சோகை கொண்டு போகிறது. ஒரு பிரதி உள்ளவர்கள் நிறையப் பேர் வளர்ந்து பெற்றோராகிறார்கள், அவர்களோடு அந்த மரபணுவும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள் அணுக்கள் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். பணியர், குறும்பர், இருளர் என்று பல மக்களிடம் இது உண்டு. இதை யாராவது குலத்தின் குறை என்று உன்னிடம் சொன்னால் நம்பாதே. கொசு நிறைந்த காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் வரலாறு அது.

மலேரியா குறைந்த பிறகும் ஏன் போகவில்லை என்று அடுத்துக் கேட்பாய். ஒரு ஊரில் பத்துப் பிரதிகளில் ஒன்று அரிவாள் வகை என்று வை. நூறு பேரில் ஒருவருக்கு நோய், 18 பேர் கடத்திகள். ஆக 20 அரிவாள் பிரதிகளில் 18, நோயே இல்லாதவர்களிடம் ஒளிந்திருக்கின்றன. இயற்கைத் தேர்வின் கைக்கு எட்டுவது மீதி 2 மட்டும். அதனால்தான் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது.

2023-ல் மத்திய அரசு தொடங்கிய கதிர் அரிவாள் சோகை ஒழிப்பு இயக்கத்தில் பழங்குடிப் பகுதிகளில் இதற்கான ரத்தப் பரிசோதனை நடக்கிறது. உன் ஊருக்கு வந்தால் போய்ப் பார்த்துக்கொள், தோழிகளையும் கூட்டிப் போ. வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தும் இருக்கிறது.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?
- எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி

குற்றாலத்தில் உன் கையிலிருப்பதைப் பிடுங்குகிற குரங்கு உனக்குத் தாத்தா இல்லை, ரொம்பத் தூரத்துப் பங்காளி. பெரியப்பா பேரன் இருப்பதால் நீ இல்லாமல் போய்விடுவாயா? இருவருக்கும் மேலே ஒரு பொதுப் பாட்டன். நமக்கும் சிம்பன்சிக்கும் அந்தப் பாட்டன் சுமார் 60, 70 லட்சம் வருடத்துக்கு முன்னால். சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. பாட்டன் வழியில் இருந்த இரண்டு குரோமோசோம்கள் நம் கிளையில் முனையோடு முனை ஒட்டி நம் இரண்டாம் குரோமோசோம் ஆகிவிட்டன. ஒட்டிய தழும்பு இன்றும் அதன் நடுவில் இருக்கிறது. குரோமோசோமின் முனையில் மட்டுமே இருக்கவேண்டிய எழுத்துகள் அங்கே இருக்கின்றன.

கேள்வி: தாய்மாமனைக் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம்தானே? என் பாட்டி, அம்மா எல்லாரும் அப்படித்தான். எனக்கும் பேசுகிறார்கள். பாடத்தைப் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது.
- கல்லூரி முதலாண்டு மாணவி, நாமக்கல்

தயக்கம் நியாயமானது அம்மா. கணக்கைச் சொல்கிறேன், முடிவு உன்னுடையது.

உன் தாத்தாவிடம் ஒரு நோய்க்கான ஒடுங்கு மரபணு ஒரே ஒரு பிரதி ஒளிந்திருக்கிறது என்று வை. அது உன் மாமாவுக்கு வர பாதி வாய்ப்பு. உன் அம்மாவுக்குப் பாதி, அங்கிருந்து உனக்கு அதில் பாதி. இருவருக்குமே வந்திருக்க எட்டில் ஒன்று. அதில் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒன்று. பெருக்கினால் 32-ல் ஒன்று. அத்தை மகன், மாமா மகன் என்றால் இதே கணக்கு 64-ல் ஒன்றாகிறது. மாமன் உறவில் ஆபத்து அதற்கு இரட்டிப்பு. உன் பாட்டியும் அம்மாவும் சொந்தத்திலேயே கட்டியிருப்பதால், உன் விஷயத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடும்.

அதற்காக எல்லாக் குழந்தைக்கும் குறை வரும் என்று யாரும் பயமுறுத்தக் கூடாது. பொதுவாக நூறு பிறப்பில் மூன்று பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை, மாமன் மக்களுக்குள் கட்டினால் அது ஏறக்குறைய இருமடங்கு. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் நம்மூர்ப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளின் வீட்டுக் கதையைக் கேட்டவள் நான், சொந்தத்தில் கட்டியது அதில் அடிக்கடி வரும். என் மகளாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பேச்சு முற்றும் முன் இருவருமாக ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். போகும்போது வம்ச வரைபடம் ஒன்றை எழுதி எடுத்துப் போ. மூன்று தலைமுறை போதும். யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு என்ன நோய். சின்ன வயதிலேயே இறந்துபோன பிள்ளைகளையும் விடாமல் கேட்டு எழுது. பெயர் வைக்கும் முன்பே போயிருந்தாலும் ஒரு கோடு போட்டுக் குறி. அவர்களைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்க மாட்டார்கள், பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து கேட்டால்தான் சொல்வார்.