ஹாம் ரேடியோ: கேள்வி – பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட மூன்று கேள்விகளும் ஆர்.டி.டி.ஒய். எனப்படும் ரேடியோ டெலிடைப் பற்றியவை. தட்டும் எழுத்தை 170 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரண்டு தொனிகளாக மாற்றி அனுப்பும் முறை இது, வேகம் 45.45 பாட், அதாவது நொடிக்குச் சுமார் 45 துடிப்புகள்.

கே: 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) செட்டை லேப்டாப்போடு இணைத்து எம்.எம்.டி.டி.ஒய். என்ற ஆர்.டி.டி.ஒய். மென்பொருளைப் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் அனுப்புவது திரையில் தெளிவாக வருகிறது. நான் சி.க்யூ. (யாராவது வாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுத்தால் யாரும் திரும்பி வருவதில்லை. ஏன்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: எழுத்து சரியாக விழுகிறதென்றால் எல்.எஸ்.பி. (கீழ்ப்பக்கப் பட்டை) முறை, ஷிஃப்ட் (தொனிகளின் இடைவெளி) இரண்டும் சரி. கோளாறு அனுப்பும் பக்கத்தில்தான். அநேகமாக லேப்டாப்பிலிருந்து செட்டுக்குப் போகும் ஒலி அதிகமாக இருக்கும். அப்போது அளவு மீறாமல் செட் தானே பவரைக் கட்டுப்படுத்தும் ஏ.எல்.சி. வேலை செய்யத் தொடங்கி, தொனி சிதைந்து இருபுறமும் பரவும். உங்கள் மீட்டரில் பவர் நிறையக் காட்டும். எதிர்முனையில் குப்பை விழும். பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்கும் இடைஞ்சல்.

ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரை வானில் விடாமல் வெப்பமாக்கும் மின்தடை) மாட்டுங்கள். பேச்சொலியைத் தூக்கிக் காட்டும் ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். பவரை 40 வாட்டில் வைத்து, அனுப்பிக்கொண்டே விண்டோஸ் வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஏ.எல்.சி. அசையத் தொடங்கியதும் நிறுத்தி, அது மறுபடி பூஜ்யத்துக்கு வரும்வரை இறக்குங்கள். அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டாம். விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவிடுங்கள். மின்னஞ்சல் வந்த மணிச் சத்தம்கூட வானில் ஏறிவிடும்.

100 வாட் செட்டில் 40 வாட்தானா என்று தயங்க வேண்டாம். பேச்சில் இடைவெளி உண்டு; இதில் அனுப்பும் நேரம் முழுக்க ஒரே பவர் போகிறது. கடலூர் மே மாத வெயிலில் 100 வாட்டில் இரண்டு நிமிடம் விடாமல் அனுப்பினால் கடைசிக் கட்டத்தில் பவரைத் தரும் ஃபைனல் டிரான்சிஸ்டர்கள் தாங்குவது சிரமம். உங்கள் லைசென்ஸில் உள்ள பவர் வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எம்.எம்.டி.டி.ஒய். திரையில் உள்ள ஏ.எஃப்.சி., நெட் பொத்தான்கள். ஏ.எஃப்.சி. உங்கள் ரிசீவரை எதிரே இருப்பவரின் தொனிக்கு நகர்த்தும். நெட் போட்டால்தான் அனுப்பும் தொனியும் கூடவே நகரும். ஒருவருக்குப் பதில் கொடுக்கும்போது நெட் இருக்கட்டும். நீங்களே சி.க்யூ. கொடுக்கும்போது எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிப் போவீர்கள். 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருப்பவர் காதில் அப்புறம் விழவே மாட்டீர்கள்.

அழைக்கும் இடம் 20 மீட்டர் பேண்டில் 14.080 முதல் 14.099 மெகாஹெர்ட்ஸ் வரை. 14.100 பீக்கன்களுக்கானது (அலை எட்டுகிறதா என்று பார்க்கத் தானாக அனுப்பும் நிலையங்கள்), அதைத் தொடக் கூடாது. எஃப்.டி.8 என்ற புதிய டிஜிட்டல் முறை வந்த பிறகு வாரநாட்களில் இந்தப் பகுதி வெறிச்சோடித்தான் கிடக்கிறது. செப்டம்பர் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் சி.க்யூ. உலக ஆர்.டி.டி.ஒய். போட்டிக்குக் காத்திருங்கள். நம் நேரப்படி சனி காலை 5.30-க்குத் தொடங்கும், பேண்டே நிரம்பி வழியும்.

கே: போட்டியில் சிலர் ‘டி ஓ ஓ டபிள்யூ டபிள்யூ’ என்று அனுப்புகிறார்கள். இது என்ன சங்கேதம்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: சங்கேதம் இல்லை, 599 22: சிக்னல் நன்றாக வருகிறது என்ற அறிக்கையும், போட்டிக்கான நம் மண்டல எண்ணும். ஆர்.டி.டி.ஒய். பயன்படுத்தும் பாடோ குறியீட்டில் ஒரு குறிக்கு 5 பிட்தான். எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே குறி. எது என்று சொல்வது முன்னால் வரும் ஷிஃப்ட் குறி (தொனி இடைவெளியான ஷிஃப்ட் வேறு). மின்னல் இரைச்சலில் அது தவறினால் எண்கள் எழுத்தாக விழும். கீபோர்டின் மேல்வரிசை எழுத்தாகத்தான் வரும், அதற்கு மேலே உள்ள எண்ணைப் படியுங்கள்: டி என்றால் 5, ஓ என்றால் 9, டபிள்யூ என்றால் 2. நீங்கள் அனுப்பும்போது மண்டல எண் 22-ஐ இரண்டு முறை கொடுங்கள்.

கே: அனுப்பத் தொடங்கினாலே மவுஸ் தாறுமாறாக ஓடுகிறது, சில சமயம் யு.எஸ்.பி. இணைப்பே அறுந்துபோகிறது.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

ப: டம்மி லோடில் அனுப்பிப் பாருங்கள். அப்போது தொல்லை இல்லையென்றால், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறம் வழியாக ஆர்.எஃப். (ரேடியோ அலை மின்னோட்டம்) வீட்டுக்குள் திரும்பி வருகிறது. டைபோல் ஆன்டெனாவின் நடுவில், அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் 1:1 சோக் பாலன் போடுங்கள். யு.எஸ்.பி. கேபிளின் இரு முனையிலும் 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையம் மாட்டுங்கள், கேபிளை அதற்குள் மூன்று நான்கு சுற்று விட்டு.

கடலுக்கு இவ்வளவு அருகில் என்பதால் ஆன்டெனா முனை கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தால், பளிச்சென்று செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் சால்டர் செய்யுங்கள். மேலே, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பேஸ்ட் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும்.