மேலூர் சார்னோகைட்: மூன்று ஆய்வகம், மூன்று அளவு

வணக்கம். மேலூர் குவாரியில் எடுத்த சார்னோகைட் (கிரானைட் போன்ற ஒரு பாறை) தூளுக்கு மெக்னீசியம் ஆக்சைடு 2.3, 2.0, 1.7 சதவீதம் என்று மூன்று ஆய்வகங்கள் தந்ததாக எழுதியிருந்தீர்கள். கூடவே அனுப்பிய ஜி-2 கிரானைட் தரமாதிரிக்கு, அதாவது அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுத் தூளுக்கு, அதே வரிசையில் 0.84, 0.76, 0.66. விடை இந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறது. ஜி-2க்கு ஏற்கப்பட்ட மதிப்பு 0.75. ஒவ்வொரு ஆய்வகத்தின் விலகலும் உங்கள் தூள், ஜி-2 இரண்டிலும் ஒரே பக்கம் போவதால், உங்கள் தூளைச் சந்தேகிக்க வேண்டாம்.

0.84 வந்தது தூளை அப்படியே அழுத்திய வில்லையில், எக்ஸ்ரே பாய்ச்சி, தனிமம் திருப்பி வெளியிடும் எக்ஸ்ரேயை அளக்கும் முறையில். மெக்னீசியத்தின் எக்ஸ்ரே மிக வலுவற்றது, மேல்பரப்பின் சில மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளியே வரும். பயோடைட் (மெக்னீசியம் உள்ள கருப்பு மைக்கா) செதில்கள் அழுத்தத்தில் படுத்துக்கொண்டால் அளவு கூடும். லித்தியம் போரேட்டில் உருக்கிய கண்ணாடி வில்லையில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் 0.76 அப்படி வந்ததுதான்.

அமிலத்தில் கரைத்து அளந்த 0.66தான் எனக்கு உறுத்துகிறது. மதுரையில் நான் வேலை பார்த்த இடத்தில், டெஃப்லான் கிண்ணத்தின் அடியில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி நின்றது. சிலிக்கா என்று நினைத்து வடிகட்டி எறிந்துவிட்டோம். அது பாறையைக் கரைக்க விட்ட ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் உண்டான கரையாத ஃபுளோரைடு, மெக்னீசியம் அதோடு போய்விட்டது. ஒரு மாத உழைப்பு வீண். பெர்குளோரிக் அமிலம் விட்டு, வெண்புகை எழும்வரை இரண்டு தடவை காய்ச்சினார்களா என்று கேளுங்கள். அப்புறம், கரைசலைச் சுடரில் தெளித்து அளக்கும்போது லாந்தனம் சேர்த்தார்களா? சேர்க்காவிட்டால், பாறையில் உள்ள அலுமினியம் மெக்னீசியத்தின் அளவைக் குறைத்துக் காட்டும்.

இப்போதைக்கு 2.0ஐ எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அடுத்த முறை பிஎச்விஓ-2 என்ற பசால்ட் தரமாதிரியையும் அனுப்புங்கள், அதில் மெக்னீசியம் ஆக்சைடு 7.23 சதவீதம் இருக்கிறது.