கன்னு போட்ட மாடு அடர்தீவனம் திங்கல, ஈரல் தான் காரணமா?

கன்னு போட்டு மூணு வாரம் ஆச்சு, அடர்தீவனத்த மோந்து பாத்துட்டு ஒதுக்குது, வைக்கோல மட்டும் கடிக்குது, பால் பாதியா குறைஞ்சிடுச்சு, வாயில ஒரு மாதிரி இனிப்பு வாடை, லிவர் டானிக் குடுத்தும் கேக்கல, ஈரலுக்கும் தீனிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருக்கீங்க.

நீங்க சொல்றத வச்சு பாத்தா கீட்டோசிஸ் மாதிரி தெரியுதுங்க, அதாவது குளுக்கோஸ் பத்தாம ஒடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறி கரையுறதால வர்ற நோய். ஈரல்னா பித்தநீர் சுரக்கும், கொழுப்பு செரிக்கும், அவ்ளோதான்னு நெனைப்போம், ஆனா மாட்டுக்கு பெரிய வேலையே வேற. திங்கிற தீனிய பெருவயித்துல நுண்ணுயிரிங்க புளிக்க வச்சு அமிலமா மாத்திடும், அதனால குடல்ல இருந்து நேரா கெடைக்கிற குளுக்கோஸ் ரொம்ப கம்மி. அந்த அமிலத்துல புரோப்பியோனேட்னு ஒண்ணு, அத வச்சு ஈரல் தான் குளுக்கோஸ் செஞ்சாகணும். ஒரு லிட்டர் பாலுக்கு சுமாரா 70 கிராம் குளுக்கோஸ் போகுது, 15 லிட்டர் கறந்தா தினமும் ஒரு கிலோவுக்கு மேல!

கன்னு போட்ட புதுசுல பால் வேகமா ஏறும், தீனி அந்தளவுக்கு ஏறாது, பத்தலைன்னா ஒடம்புக் கொழுப்பு கரைஞ்சு ஈரலுக்கு வரும். வந்த கொழுப்ப வெளிய அனுப்புறதுல மாட்டு ஈரல் ரொம்ப மந்தம், கொஞ்சம் அங்கயே படியும், கொஞ்சம் கீட்டோன்ங்கிற பொருளா மாறி ரத்தத்துல கலக்கும், வாயில அடிக்கிற அந்த இனிப்பு வாடை அதான். கீட்டோன் ஏறினா பசி இன்னும் போகும், திங்கலன்னா இன்னும் கொழுப்பு கரையும், இப்படியே சுத்திக்கிட்டே இருக்கும். இதுல டானிக் மட்டும் என்ன பண்ணும் சொல்லுங்க.

சர்க்கரைத் தண்ணி ஊத்தலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம், அதையும் பெருவயித்துலயே நுண்ணுயிரி தின்னுடும், அதிகமா போனா வயிறு புளிச்சு வேற தொல்லை. எண்ணெயும் ஊத்தாதீங்க.

டாக்டர கூப்பிட்டு மூத்திரத்துலயோ ரத்தத்துலயோ கீட்டோன் பாக்க சொல்லுங்க. உறுதியானா நரம்பு வழியா டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் தண்ணி போடுவாங்க, கூடவே புரோப்பிலீன் கிளைக்கால் தினம் 300 மில்லி அளவுல 3 முதல் 5 நாள் வாய்வழியா குடுக்கிறது வழக்கம், இத ஈரல் குளுக்கோஸாக்கிக்கும். ஊத்தும்போது தலைய ரொம்ப தூக்காதீங்க, நுரையீரலுக்கு போயிடும். மடிநோய், கர்ப்பப்பை சீழ், நாலாம் இரைப்பை இடம் மாறுறது இதெல்லாமும் பின்னாடி ஒளிஞ்சிருக்கலாம், அதையும் சேத்தே பாக்க சொல்லுங்க.

அடுத்த தடவ பால் வத்தின மாசங்கள்ல அடர்தீவனத்த அள்ளிப் போட்டு கொழுக்க வைக்காதீங்க, கொழுத்த மாட்டுக்கு தான் இது சட்டுனு வரும்.